"வீட்டுக்கு வந்துடு" என்று நான் சொன்ன வார்த்தை



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் தெருவில் நடந்த சின்ன வாய்த் தகராறுதான், என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அடுத்த சந்தில் இருக்கும் ஒரு அம்மா, பத்தாம் வகுப்பு படிக்கும் தன் மகனை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து கோவிலுக்குப் போய் வருவது வழக்கம். அன்றும் அப்படித்தான் வந்தார். வேகத்தடையில் வண்டி எகிறிக் குதித்தது. அர்ச்சனைக் கூடையில் இருந்த தேங்காய் மூடி ரோட்டில் உருண்டது. இரண்டு பேருமே சிரித்தார்கள்.

வாசலில் நின்றிருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏங்க, லைசென்ஸ் எடுக்கற வயசே ஆகலியே, சின்னப் புள்ளைகிட்ட வண்டியக் கொடுக்கறீங்களே" என்று கேட்டு விட்டேன். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கி விட்டது. "உங்க பையன் கேஸ்ல மாட்டினான்னா, ஊர்ல இருக்கற எல்லாப் பையனுமா மாட்டுவான்?" என்று கேட்டுவிட்டுப் போய் விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. அவர் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லையே! என் மகன் கேஸில் மாட்டினவன்தான். நான்கு சுவருக்குள் மூடி வைத்து என்ன ஆகப் போகிறது? நானே எழுதி விடுகிறேன். என் பெயரை மட்டும் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக் கொள்கிறேன். எனக்காக அல்ல, அவனுக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது.

எங்கள் ஊர் திருச்சி. வீட்டுக்காரர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஒரே பையன். 18 முடிந்ததும் லைசென்ஸ் எடுத்தான். எடுத்த மறுநாளே பைக் கேட்டான். இவர் முடியாது என்றார். இரண்டு மாதம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை, முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் என் வளையல் இரண்டை அடகு வைத்து முன்பணம் கட்டியது நான்தான். 150 சிசி வண்டி. ஆர்.சி. புக் மட்டும் இவர் பெயரில். "உன் புள்ள பறக்கறான்டீ" என்று என் நாத்தனார் சொன்னபோது, எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. காலேஜுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும், இவன் இருபது நிமிஷத்தில் போய் விடுகிறான் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது எப்படி முடியும் என்று ஒரு நாளாவது கணக்குப் போட்டுப் பார்த்தேனா? இல்லை.

2022 ஆகஸ்டில் ஒரு நாள், இரவு ஏழு மணி இருக்கும். தோசை வார்த்துக் கொண்டிருந்தேன். போன் வந்தது. "அம்மா... ஒரு பாட்டிய இடிச்சிட்டேம்மா. எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. ரத்தம் வருது." குரலே அவன் குரலாக இல்லை.

சகோதரிகளே, அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால், நான் சொன்னது இதுதான்: "ஆள் சேர்றதுக்குள்ள கிளம்பிடு. அடிச்சே போட்டுடுவாங்க. வீட்டுக்கு வந்துடு!"

வந்து விட்டான். கேட்டைச் சாத்தி உள் தாழ்ப்பாள் போட்டேன். அவன் முழங்காலில் சிராய்ப்பு, அதற்கு மஞ்சள் வைத்தேன். கீழே கிடந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நான் கேட்கவே இல்லை. இவ்வளவு வருஷம் கழித்தும் நினைத்துப் பார்க்கக் கூசுகிற விஷயம் அதுதான்.

இவர் எட்டு மணிக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "வா, போலாம்" என்று அவனைத் தன் வண்டியில் ஏற்றிக் கொண்டு, நடந்த இடத்துக்கே போனார். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையை ஒட்டிய ரோடு அது. அதற்குள் 108 வந்து அந்த அம்மாவை ஏற்றிக் கொண்டு போய் விட்டது. போன் செய்தவர் அங்கிருந்த டீக்கடைக்காரர். வண்டி நம்பரையும் அவர்தான் குறித்து வைத்திருந்தார். அங்கிருந்து நேரே ஸ்டேஷன்.

பாலம் வரைக்கும் யார் முதலில் போவது என்று கூடப் படிக்கும் பையனோடு பந்தயமாம். ஹெல்மெட் தலையில் இல்லை, கண்ணாடியில் தொங்கியது. கீரைக் கூடையோடு ரோட்டைத் தாண்டியவர், பாட்டியும் இல்லை, 56 வயது. என்னைவிடப் பத்து வயது பெரியவர், அவ்வளவுதான். தொடை எலும்பு முறிவு.

எஃப்.ஐ.ஆரில், 'அஜாக்கிரதையாகவும், அதிவேகமாகவும் ஓட்டி வந்து' என்று எழுதியிருந்தார்கள். அப்போது இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 279-வது பிரிவு. கொடுங்காயம் என்பதால் 338-வது பிரிவு. எலும்பு முறிந்தாலே சட்டப்படி கொடுங்காயம்தானாம். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. அது, என்னால் வந்தது. விபத்து நடந்தால், காயப்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஓட்டியவர் ஏற்பாடு செய்ய வேண்டும். போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று, மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு சொல்கிறது. செய்யாவிட்டால் 187-ல் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூட்டம் அடிக்க வந்து, நிற்கவே முடியாத நிலைமை என்றால் சட்டம் அதைப் புரிந்து கொள்கிறது. ஆனால், அன்று அங்கே கூட்டமா இருந்தது? டீக்கடைக்காரரும், டீ குடிக்க வந்த இரண்டு பேரும். அந்த மூன்று பேரும் அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். என் மகனை யாரும் தொடக்கூட இல்லை.

பயமாக இருந்தால், கொஞ்சம் தள்ளிப் போய் நின்று 108-க்கு போன் செய்யலாம். நேரே பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் விடலாம். வீட்டுக்கு வருவதுதான் கூடாது. என் பிள்ளை போனில் கேட்டது, 'என்னம்மா செய்யட்டும்' என்றுதான். தப்பான பதிலைச் சொன்னது நான்.

அன்று ராத்திரியே சொந்தக்காரர்கள் வந்து விட்டார்கள். என் கொழுந்தனார், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணி, வண்டி அண்ணன் பேர்லதான இருக்கு. அண்ணன் ஓட்டினதா சொல்லிடலாம். படிக்கற புள்ள, எதிர்காலம் பாழாயிடும். அண்ணனுக்கு என்ன, வயசாச்சு" என்றார். எனக்கு அது சரியென்றே பட்டது. இவரிடம் போய்ச் சொன்னேன். இவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவன் ஓட்டினான், அவன் பேரே இருக்கட்டும்" என்றார். மூன்று நாள் இவரோடு நான் பேசவில்லை. பெற்ற பிள்ளையை விட நியாயம் பெரிதாகப் போய்விட்டதா என்று கொதித்தேன்.

பிறகுதான் யோசித்தேன். டீக்கடையில் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். இளைஞன் என்று சொல்வார்களா, தலை நரைத்தவர் என்று சொல்வார்களா? ஆள் மாற்றினது தெரிந்தால், அஜாக்கிரதை கேஸோடு, பொய் சொன்ன கேஸும் சேர்ந்து, அப்பா பிள்ளை இரண்டு பேருமே கூண்டில் நிற்க வேண்டியதுதான். 2024 மே 19-ல் புனேயில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி, ஐ.டி. வேலையில் இருந்த இரண்டு இளம் பிள்ளைகள் செத்துப் போனார்கள். அந்தப் பையனை 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீனில் விட்டார்கள் என்று நாடே கொதித்தது. பையனின் ரத்தத்துக்குப் பதிலாகத் தன் ரத்தத்தைக் கொடுத்ததாக, அவன் அம்மாவையும் கைது செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது, எல்லாரும் 'இவளெல்லாம் ஒரு தாயா' என்று திட்டினார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. 'வீட்டுக்கு வந்துடு' என்று சொன்னவள், அந்த நேரத்தில் ரத்தம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள்.

ஜாமீனில் விடக்கூடிய கேஸ் என்பதால், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, பையனை அழைத்து வந்து விட்டோம். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்த்தார். பிரேக்கில் கோளாறு ஒன்றும் இல்லை என்று எழுதி விட்டார். அதாவது, வண்டி மேல் பழி போடவும் வழி இல்லை! லைசென்ஸ் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய், மூன்று மாதம் சஸ்பெண்ட் ஆனது.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று இவர் சொன்னார். வக்கீல் வேண்டாம் என்றார். சாட்சியைக் கலைக்கப் போனதாகச் சொல்வார்களாம். அவர் சொன்னதும் சரிதான். இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும், ஆரஞ்சும். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று இவர் வழியெல்லாம் சொல்லிக் கொண்டே வந்தார்.

காலில் கல்லைக் கட்டித் தொங்க விட்டிருந்தார்கள். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அவர் மகள்தான் பிடித்துக் கொண்டாள். "எங்கம்மா ரோட்டுல கிடந்தப்ப எங்க போனீங்க? இப்ப ஹார்லிக்ஸ் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" வார்டே திரும்பிப் பார்த்தது. என்ன பதில் சொல்ல? நின்று கேட்டுவிட்டு வந்தோம். ஹார்லிக்ஸை அவள் தொடவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நம் மாநிலத்தில், விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை, குறிப்பிட்ட தொகை வரைக்கும் அரசே பார்த்துக் கொள்கிற திட்டம், 2021 டிசம்பரில் வந்தது. அது ஆரம்பத்துக்கு உதவும். அதற்குப் பிறகு? தினமும் கீரை விற்றால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டில், நாலைந்து மாதம் படுத்துக் கிடந்தால் யார் சோறு போடுவது? எங்களால் முடிந்தது கொஞ்சம். அதைப் பணமாகக் கொடுத்தால் விலை பேசுவதாக ஆகும்.

எங்கள் தெருவில் வக்கீலுக்குப் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். என் கூடப் படித்தவளின் மகள். அவள்தான் விளக்கினாள். "ஆன்ட்டி, புது வண்டி வாங்கும்போதே அஞ்சு வருஷத்துக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுத்திருப்பீங்க. 2018 செப்டம்பர்லேர்ந்து டூவீலருக்கு அது கட்டாயம். தம்பிக்கு லைசென்சும் இருக்கு. அவங்க விபத்து நஷ்ட ஈட்டு கோர்ட்ல மனு போட்டா, கம்பெனிதான் கொடுக்கணும். நீங்க பயப்படாதீங்க" என்றாள். கீரை விற்பவருக்குச் சம்பளச் சீட்டு ஏது என்று கேட்டேன். சீட்டு இல்லாவிட்டாலும், ஒரு வருமானத்தைக் கோர்ட்டே கணக்கில் எடுத்துக் கொள்ளுமாம். ஆனால், 2022 ஏப்ரலில் இருந்து வந்த விதிப்படி, ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று இருக்கிறது. தெரியாமல் நாளைக் கடத்துகிறவர்கள் எத்தனை பேரோ! அதோடு, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். 1987-ம் வருஷச் சட்டம். இது எனக்கு அன்றுவரை தெரியாது.

இதை அந்த மகளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் நேரில் போகவில்லை. டீக்கடைக்காரர் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். இது என் நாத்தனாருக்குத் தெரிந்து, வீட்டில் ஒரு பிரளயமே நடந்தது. "நம்ம மேல கேஸ் போட நீயே வழி காட்டறியா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினாள். இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. உண்மையைச் சொல்லி விடுகிறேன். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியாக இருந்திருந்தால், நான் அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பேனா என்று எனக்கே சந்தேகம். அப்படி இருந்தால், முழுத் தொகையும் வண்டிக்காரர் தலையில்தான். வீட்டை விற்க வேண்டி வரும். பழைய வண்டியை சல்லிசாக வாங்கிப் பையனிடம் கொடுக்கும் வீடுகளில் இன்சூரன்ஸ் பேப்பரை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. இன்றைக்கே பீரோவைத் திறந்து, தேதியைப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாத பிள்ளை ஓட்டினால், கம்பெனி கொடுத்துவிட்டு, பிறகு நம்மிடமே வசூல் செய்யும்.

கோர்ட் படியேறினது அடுத்த வருஷம். சம்மன் வந்து, வாய்தா வாய்தாவாகப் போனோம். வாசலில் ஒருவர், எங்களைப் பார்த்ததும் தானாக வந்து, "சின்ன கேஸும்மா இது. ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடச் சொல்லுங்க. ஒரே நாள்ல முடிஞ்சுடும்" என்றார். கூட வந்த சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். எங்களுக்கும் ஆசைதான்.

சகோதரிகளே, இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஹெல்மெட் போடாததற்கு ரசீது வாங்கிக் கட்டுகிற அபராதம் வேறு, இது வேறு. 279-ல் ஒத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய் கட்டினாலும், அது கிரிமினல் கோர்ட்டில் தண்டனை பெற்றதாகத்தான் அர்த்தம். அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்டாலும், போலீஸ் விசாரணை வந்தாலும், 'வழக்கு உண்டா, தண்டனை உண்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். கேஸ் நடந்து கொண்டிருக்கும்போது பாஸ்போர்ட் எடுப்பதற்கும் கோர்ட் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஒரே நாளில் முடித்து விடலாம் என்கிறவர், அந்த ஒரு நாளோடு போய் விடுவார். அந்தக் கட்டத்தை நிரப்பப் போகிறவன் நம் பிள்ளை.

பணம் கொடுத்து ராஜியாகி விடலாம் என்றும் சிலர் சொன்னார்கள். காயத்துக்கான பிரிவில், காயப்பட்டவர் சம்மதித்தால், கோர்ட் அனுமதியோடு ராஜியாகலாமாம். 279-க்கு ராஜி கிடையாது. யாருக்கோ பணம் கொடுத்துவிட்டு, கேஸ் முடிந்தது என்று நம்பிக் கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்த வக்கீல் பெண், மேஜை மேல் இரண்டு வழியை வைத்தாள். கேஸை நடத்தலாம். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது போலீஸ் தரப்பு. 'வேகமாக வந்தான்' என்று சாட்சி சொன்னால் மட்டும் போதாது என்று 1998-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. மூன்று நாலு வருஷம் இழுத்தால் விடுதலை ஆகவும் வாய்ப்பு உண்டு. இன்னொரு வழி, ஒத்துக்கொண்டு, 1958-ம் வருஷத்து குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி விடச் சொல்லிக் கேட்பது. 21 வயது நிறையாதவர்களை எடுத்த எடுப்பில் ஜெயிலுக்கு அனுப்பாமல், நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி விட்டால், தண்டனையால் வரும் தகுதிக் குறைவு வராது. ஆனால், கோர்ட் கண்டிப்பாக விடும் என்று சொல்ல முடியாது. அது நீதிபதி கையில்.

நான் முதல் வழியைத்தான் பிடித்துக் கொண்டேன். எந்த அம்மாதான் பிடிக்க மாட்டாள்? என் மகன் சொன்னான், "நான்தானம்மா இடிச்சேன். இல்லேன்னு நாலு வருஷம் எப்படிச் சொல்லிட்டே இருக்கறது? அந்த டீக்கடைக்காரர் கூண்டுல ஏறி என்னைப் பாத்து சொல்லுவாரே." நான் அழுதேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். பைக் வாங்க அவன் செய்ததை, கேஸ் நடத்த நான் செய்தேன்! அவன் கேட்கவில்லை.

எல்லாப் பையன்களும் இப்படி ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. குறுக்கே நாய் ஓடி, பள்ளத்தில் விழுந்து, எதிரே வந்தவன் தப்பாக வந்து, விபத்து நடந்திருக்கும். பெரிய வண்டி மேல்தான் தப்பு என்று எழுதி விடுவதும் உண்டு. தப்பு செய்யாத பிள்ளை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒத்துக்கொள்வது பெரிய முட்டாள்தனம். நல்ல வக்கீலாகப் பார்த்துக் கேஸை நடத்தத்தான் வேண்டும். இவன் விஷயம் வேறு. பந்தயம் விட்டது இவனுக்குத் தெரியும்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தார். ஏதோ பெண் பார்க்க வருவது போல நான் காபி, பலகாரம் எல்லாம் செய்து வைத்திருந்தேன். அவர் தண்ணீர் மட்டும் குடித்தார். அக்கம் பக்கத்தில் விசாரித்தார். காலேஜ் மார்க்கைப் பார்த்தார். என்னிடம், "விபத்து நடந்ததும் நிக்காம ஏன் வந்தான்?" என்று கேட்டார். மகன், 'பயந்துட்டேன் சார்' என்று ஏற்கனவே சொல்லியிருக்கிறான். என் பெயரை எடுக்கவே இல்லை. இவர் என்னைப் பார்த்தார். "நான்தான் சார், வரச் சொன்னேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக் கொண்டார். ஒன்றரை வருஷமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது, அன்றுதான் கொஞ்சம் இறங்கியது.

2024 பிப்ரவரியில் தீர்ப்பு. அவனுக்கு 21 முடிய ஒரு மாதம்தான் பாக்கி. ஒரு வருஷம் நன்னடத்தையோடு இருப்பதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அந்த அம்மாவுக்கு 10,000 ரூபாய் கட்டச் சொல்லி விட்டார் நீதிபதி. நஷ்ட ஈட்டு கேஸ் தனியாக நடந்து, இன்சூரன்ஸ் பணமும் பிறகு அவர்களுக்கு வந்தது என்று கேள்விப்பட்டேன்.

அந்த வருஷம் ஜூலை 1 முதல், பழைய சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்து விட்டது. இப்போது அஜாக்கிரதையாக ஓட்டினால் 281-வது பிரிவு. தண்டனை பழையபடி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால், உயிர் போனால், முன்பு இரண்டு வருஷம் வரை என்று இருந்தது, இப்போது ஐந்து வருஷம் வரை. கொடுங்காயத்துக்கு மூன்று வருஷம் வரை. பத்திரிகையில் எண்கள் மாறியிருப்பதைப் பார்த்து, வேறு ஏதோ கேஸ் என்று நினைத்துக் கொள்ளாதீர்கள்.

இனி, அந்த ஸ்கூட்டர் அம்மா விஷயம். 18 வயதுக்கு முன் கியர் வண்டியும் கிடையாது, நாம் வைத்திருக்கும் 110, 125 சிசி ஸ்கூட்டரும் கிடையாது. 16 வயதில் 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்குத்தான் லைசென்ஸ். அப்படி ஒரு வண்டி இப்போது எந்த வீட்டில் இருக்கிறது? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சின்னப் பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ, வண்டிக்குச் சொந்தக்காரரோ குற்றவாளி என்றே சட்டம் எடுத்துக் கொள்ளும். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்சே கிடைக்காது. தெரியாமல் எடுத்துக் கொண்டு போய் விட்டான் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். பின் சீட்டில் அர்ச்சனைக் கூடையோடு உட்கார்ந்திருந்தவர் அதை எப்படி நிரூபிப்பார்?

2022-ல் இந்தியா முழுக்க 4,61,312 சாலை விபத்துகள் நடந்து, 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொன்னது. விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான், 64,105. பேப்பரில் இதைப் படித்தபோது, அந்தக் கடைசி ஐந்து என்பதில் ஒன்று எங்கள் வீட்டில் இருந்து போனது என்று நினைத்துக் கொண்டேன்.

பையன் படிப்பை முடித்து, இரண்டு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டான். இரண்டிலும் அந்தக் கட்டம் இருந்தது. இல்லை என்று போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று என் கொழுந்தனார் சொன்னார். மகன், 'ஆம்' என்று போட்டு, தீர்ப்பு நகலையும் சேர்த்து வைத்தான். ஒரு கம்பெனி கூப்பிடவே இல்லை. இன்னொன்று கூப்பிட்டு, அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்டுவிட்டு, வேலைக்கு எடுத்துக் கொண்டது. பஸ்ஸில்தான் போய் வருகிறான். பைக் மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. விற்று விடலாம் என்கிறேன், 'இருக்கட்டும்மா' என்கிறான். வளையல் இரண்டையும் போன தீபாவளிக்கு அவனே மீட்டுக் கொடுத்தான்.

அந்த அம்மாவுக்குக் கால் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறது. கூடை தூக்கித் தெருத் தெருவாகப் போக முடியாது. பழைய டீக்கடைப் பக்கத்திலேயே சாக்கு விரித்து உட்கார்ந்து விற்கிறார். அங்கேதான் முளைக்கீரை வாங்குகிறேன். நான் யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாளும் அதைப் பேசினதில்லை. மகள் கடையில் இருக்கிற நாளில் மட்டும் நான் போவதில்லை.

ஸ்கூட்டர் அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. நேற்றும் அந்தப் பையன்தான் ஓட்டிக் கொண்டு போனான். இந்தப் பேப்பரை அவர்கள் வீட்டிலும் வாங்குகிறார்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருச்சி.